ஹெல்சின்கி – டோக்கியோ: ஒன்பதரை மணி நேரப் பயணம் பதின்மூன்று மணி நேரமானது எப்படி?

ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு எவ்வளவு தூரம் என்று தேடினால், 7,800 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று பதில் வரும். அதற்குக் கீழேயே பறக்கும் நேரம் என்று ஒன்பதரை மணியை ஒட்டி ஓர் எண்ணைப் போட்டிருப்பார்கள். பயணச்சீட்டிலோ ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம் என்று இருக்கும். தூரம் சரிதான். நேரம், 2022 பிப்ரவரி வரை சரி.

இரு நகரங்களுக்கு இடையிலான வான்தூரமும் பயண நேரமும் எப்படிப் பிணைந்திருக்கின்றன, எங்கே பிரிகின்றன என்பதைப் பார்க்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். இதே இரு நகரங்களுக்கு இடையே 1983-இல் சுமார் 13 மணி நேரம் பறந்தார்கள். பிறகு அது 9½ மணி நேரமாகக் குறைந்தது. இப்போது மறுபடியும் 13-இல் வந்து நிற்கிறது. இத்தனைக்கும் விமானம் பழையதைவிட எவ்வளவோ மேம்பட்டது.

தூரத்தைக் கையால் கணக்கிடுவது

ஹெல்சின்கி வான்டா விமான நிலையம் 60.317° வடக்கு, 24.963° கிழக்கு. டோக்கியோவின் நரிட்டா 35.765° வடக்கு, 140.386° கிழக்கு. இந்த நான்கு எண்களும் ஒரு சாதாரண அறிவியல் கால்குலேட்டரும் போதும்.

முதலில் இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்க வேண்டும்: 0.8688 × 0.5845 = 0.5078. அடுத்து அவற்றின் கொசைன் மதிப்புகளைப் பெருக்கி, தீர்க்கரேகை வித்தியாசமான 115.423°-இன் கொசைனாலும் பெருக்க வேண்டும்: 0.4952 × 0.8114 × (−0.4293) = −0.1725. இரண்டையும் கூட்டினால் 0.3353. எந்தக் கோணத்தின் கொசைன் இது என்று தலைகீழாகக் கேட்டால் 70.41° வரும். பூமியின் நடுவிலிருந்து பார்த்தால் இரு நகரங்களும் பிரிந்திருக்கும் கோணம் அதுதான். ஒரு பாகை 111.195 கி.மீ. ஆகவே தூரம் சுமார் 7,829 கி.மீ.

தவறு வருவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். கால்குலேட்டர் ரேடியனில் இருந்தால் விடை அபத்தமாக வரும், உடனே தெரிந்துவிடும். இன்னொன்று தெரியாமலே ஒட்டிக்கொள்ளும். வரைபடத்தில் 60°19′ என்று பாகையும் கலையுமாக இருப்பதை 60.19 என்று அடித்துவிடுவார்கள். 19 கலை என்பது 0.317 பாகை. இந்த ஒரு பிழையே புள்ளியை 14 கி.மீ. தெற்கே தள்ளிவிடும். மேற்குத் தீர்க்கரேகைக்கு எதிர்க்குறி போட மறப்பதும் உண்டு. இந்த இரு நகரங்களும் கிழக்கே இருப்பதால் இங்கே அந்தச் சிக்கல் இல்லை.

பூமி சரியான உருண்டை அல்ல, துருவங்களில் சற்றுத் தட்டை. அதையும் கணக்கில் எடுக்கும் சூத்திரங்கள் வேறு விடை தரும். வித்தியாசம் அரை சதவீதத்தைத் தாண்டாது. இணையதளத்துக்கு இணையதளம் பத்து இருபது கிலோமீட்டர் மாறுவதற்கு இதுவே காரணம். டோக்கியோவின் இன்னொரு விமான நிலையமான ஹனேடாவா, நரிட்டாவா என்பதும் இங்கே பெரிய விஷயமில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று சுமார் 60 கி.மீ. தள்ளியிருந்தாலும், ஹெல்சின்கியிலிருந்து அளந்தால் வித்தியாசம் 5 கி.மீ.தான்.

இந்தத் தூரத்தைவிட முக்கியமானது அது செல்லும் வழி. டோக்கியோ ஹெல்சின்கிக்குத் தென்கிழக்கே இருக்கிறது என்றுதான் தட்டையான வரைபடம் சொல்லும். மிகக் குறுகிய வழியான பெருவட்டப் பாதையோ ஹெல்சின்கியிலிருந்து 51° திசையில், அதாவது வடகிழக்கே கிளம்புகிறது. வழியில் 67.3° வடக்கு வரை ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைத் தொட்டுத் தாண்டி, பிறகுதான் தெற்கே இறங்குகிறது. ஓர் உலக உருண்டையில் இரு நகரங்களுக்கு இடையே நூலை இழுத்துப் பிடித்தால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு, ஒரே திசைமானியைப் பிடித்துக்கொண்டு போனால் 8,780 கி.மீ. ஆகும். 950 கி.மீ. வீண்.

அந்த நூல் எதன்மேல் கிடக்கிறது என்று பாருங்கள். பின்லாந்து எல்லையைத் தாண்டியதும் தொடங்கி ஜப்பான் கடல் வரும்வரை ஏறக்குறைய முழுக்க ரஷ்யா.

தூரத்திலிருந்து நேரத்துக்கு

ஏர்பஸ் ஏ350 விமானம் உச்சியில் மாக் 0.85 வேகத்தில் பறக்கும், அதாவது ஒலியின் வேகத்தில் 85 சதவீதம். ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. வெளியே −56.5° செல்சியஸ் இருந்தால் விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வெளியே −70° ஆனால் அதே மாக் 0.85 மணிக்கு 875 கி.மீ. ஆகிவிடும். குளிரில் எந்திரம் சுணங்குவதில்லை, ஒலிதான் மெதுவாகிறது. 3,000 கி.மீ. நீளத்துக்கு இப்படிக் கடுங்குளிர் நீடித்தால் ஆறேழு நிமிடம் கூடும்.

7,830-ஐ 900-ஆல் வகுத்தால் 8 மணி 40 நிமிடம். இதோடு மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவதால் ஒரு கால் மணிக்குச் சற்று மேல். வான்வழித்தடங்கள் பெருவட்டத்தை அப்படியே ஒட்டிப் போகாமல் புள்ளிக்குப் புள்ளி வளைவதால் மேலும் சில நூறு கிலோமீட்டர். நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்வதும், தரையிறங்கியபின் ஊர்வதும் சேர்ந்து இருபது முப்பது நிமிடம். கிழக்கே போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். எல்லாம் கழித்துக் கூட்டினால் போக 9½, வர 10 மணி நேரம். 2022-க்கு முன்பு அட்டவணையில் இருந்ததும் அதுதான்.

அட்டவணை நேரம் என்பது வாயிலை விட்டு விமானம் பின்னோக்கி நகரும் கணத்திலிருந்து மறுமுனையில் வாயிலில் நிற்கும் கணம் வரை. ‘பறக்கும் நேரம்’ என்று தளங்கள் போடுவது பெரும்பாலும் தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, அரை மணி நேரம் சேர்த்தது. சென்னை – சிங்கப்பூர் போன்ற தடங்களுக்கு அது ஒப்பேறிவிடும். இந்தத் தடத்துக்கு அந்தக் கணக்கை நம்பி இணைப்பு விமானம் எடுத்தால், அது கிளம்பிப் போனபிறகு போய் இறங்குவீர்கள்.

1983-இல் என்ன நடந்தது

ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குச் சோவியத் வான்வெளி வழியே போக மேற்கத்திய நிறுவனங்களுக்கு எளிதில் அனுமதி கிடைக்காத காலம் அது. பலரும் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிப் போனார்கள். ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ். 1957-லேயே கோபன்ஹேகன் – ஆங்கரேஜ் – டோக்கியோ தடத்தைத் துருவம் வழியாகத் தொடங்கிவிட்டது. அது புரொப்பெல்லர் எந்திரம் பூட்டிய டி.சி.-7சி விமானத்தின் காலம். 1983 ஏப்ரலில் பின்லாந்தின் விமான நிறுவனமான பின்ஏர், கூடுதல் எரிபொருள் தொட்டி வைத்த டி.சி.-10 விமானத்தைக் கொண்டு எங்கும் நிற்காமல் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ போனது. மேற்கு ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு இடைநில்லாமல் பறந்த முதல் நிறுவனம் அதுதான். வழி: வட துருவம், பேரிங் நீரிணை, பசிபிக். நேரம் சுமார் 13 மணி.

அந்தப் பக்கத்தில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சம்பவங்கள். 1978 ஏப்ரல் 20 அன்று பாரிஸிலிருந்து ஆங்கரேஜ் வழியாக சியோல் கிளம்பிய கொரிய விமானம் 902, துருவப் பகுதியில் திசை தவறிப் பெரிய வளைவாகத் திரும்பி, மூர்மன்ஸ்க் பக்கம் சோவியத் எல்லைக்குள் போய்விட்டது. போர் விமானம் சுட்டதில் இரண்டு பயணிகள் இறந்தார்கள். விமானிகள் உறைந்த ஏரி ஒன்றின்மேல் இறக்கி மற்றவர்களைக் காப்பாற்றினார்கள். 1983 செப்டம்பர் 1 அன்று ஆங்கரேஜிலிருந்து சியோல் போன கொரிய விமானம் 007 தடம் விலகிச் சோவியத் பகுதிகளான கம்சாட்கா, சகாலின் மேல் பறந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் இறந்தார்கள். பின்ஏர் தன் துருவத் தடத்தைத் தொடங்கி ஐந்து மாதங்கூட ஆகாத நேரம்.

சைபீரியாவின் வான்வெளி மேற்கத்திய நிறுவனங்களுக்குத் திறந்தபிறகு இந்தச் சுற்றுவழி பழங்கதையானது. ரஷ்யாவின் மேல் பறக்க ஐரோப்பிய நிறுவனங்கள் வழக்கமான வழிக்கட்டணத்தோடு ரஷ்ய விமான நிறுவனமான ஏரோஃப்ளோட்டுக்கும் தனியாகப் பணம் கட்டின. ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு நெடுங்காலம் ஆட்சேபம் தெரிவித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் கட்டினார்கள், ஏனென்றால் மூன்றரை மணி நேர எரிபொருளோடு ஒப்பிட்டால் அது மலிவு. ஐரோப்பாவின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் ஹெல்சின்கிக்கு அதனால் கிடைத்த லாபம் மற்ற எந்த ஐரோப்பிய நகரத்துக்கும் கிடைக்கவில்லை. ஆசியாவுக்குக் குறுக்குவழி என்பதைச் சுற்றியே பின்ஏர் தன் வியாபாரத்தைக் கட்டியது.

2022 பிப்ரவரி, மார்ச்

பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. உக்ரைன் வான்வெளி அன்றே மூடப்பட்டது. 27-ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானை மூடுவதாக அறிவித்தது. மறுநாள் ரஷ்யா, பின்லாந்து உள்ளிட்ட 36 நாடுகளின் நிறுவனங்களுக்குத் தன் வானை மூடியது. பின்ஏர் ஜப்பான், தென் கொரியா, சீனா செல்லும் விமானங்களை நிறுத்தியது. மார்ச் 9 அன்று நரிட்டாவுக்கு மறுபடி கிளம்பியது, 13 மணி நேர வழியில். ஜப்பானிய நிறுவனங்களும் ரஷ்ய வானைத் தவிர்க்கின்றன. சீன நிறுவனங்கள் இன்றும் அதன் வழியே பறக்கின்றன.

போக ஒரு வழி, வர ஒரு வழி

ரஷ்யாவைத் தொடாமல் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ போக இரண்டே பக்கம்தான் இருக்கிறது: தெற்கே சுற்றுவது, அல்லது உச்சியைத் தாண்டுவது.

தெற்கு வழியைத் தோராயமாகக் கூட்டிப் பார்க்கலாம். ஹெல்சின்கியிலிருந்து வார்சா பக்கம் 930 கி.மீ.; அங்கிருந்து புகாரெஸ்ட் 930; கருங்கடலைக் குறுக்கே கடந்து துருக்கியின் டிராப்சோன் 1,210; ஜார்ஜியா தாண்டி அஜர்பைஜானின் பாகு 840; காஸ்பியன் கடலையும் மத்திய ஆசியாவையும் கடந்து அல்மாட்டி 2,230; சீனாவின் உரும்ச்சி 850; பெய்ஜிங் 2,400; சியோல் 910; நரிட்டா 1,250. மொத்தம் 11,550 கி.மீ. நேர்வழியைவிட 3,700 கி.மீ. கூடுதல்.

இந்த வழியில் மிக ஒடுங்கிய இடம் காகசஸ். வடக்கே ரஷ்யா, தெற்கே ஈரான், நடுவில் ஜார்ஜியாவும் அஜர்பைஜானும். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே ஓடும் பெருங்கூட்டம் இந்தச் சந்துக்குள்தான் நுழைகிறது. மத்தியக் கிழக்கில் ஏதாவது மூடினால் அந்தக் கூட்டமும் இங்கே வந்து சேரும். விரும்பிய உயரம் கிடைக்காமல் சில ஆயிரம் அடி கீழே பறக்க வேண்டிவரும், எரிபொருள் கூடும். சீனாவில் உயரங்களை அடியில் அல்லாமல் மீட்டரில் ஒதுக்குவார்கள். பொது விமானங்களுக்கான தடங்களும் குறுகலானவை. புயல் மேகம் வந்தால் விலகிப்போக இடம் கேட்டு வாங்க வேண்டும்.

வடக்கு வழியில் ஹெல்சின்கியிலிருந்து வட துருவம் 3,300 கி.மீ., துருவத்திலிருந்து ஆங்கரேஜ் பக்கம் 3,200, அங்கிருந்து பசிபிக் ஓரமாக நரிட்டா 5,500. மொத்தம் 12,000. கம்சாட்காவை ஒட்டிய ரஷ்யக் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் போகாமல் இன்னும் கொஞ்சம் தெற்கே தள்ளிப் போக வேண்டியிருப்பதால் உண்மையில் இதைவிடக் கூடும்.

தெற்கு வழி 450 கி.மீ.யாவது குறைவு. பிறகு எதற்காகத் துருவத்துக்குப் போகிறார்கள்? காற்றுக்காக. நடு அட்சரேகைகளில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அதன் வேகம் மணிக்கு 300 கி.மீ.-ஐத் தாண்டுவதும் உண்டு. துருவத்தின்மேல் அந்த ஓட்டம் கிடையாது. கணக்குப் போட்டால் விளங்கும். தெற்கு வழி முழுக்கச் சராசரியாக மணிக்கு 60 கி.மீ. காற்று என்று வைத்துக்கொள்வோம். டோக்கியோ நோக்கிப் போகும்போது அது பின்னாலிருந்து தள்ளும்: 11,550 ÷ 960 = 12 மணி. ஏறி இறங்கி ஊர்வதற்கு அரை மணி சேர்த்தால் 12½. திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும்: 11,550 ÷ 840 = 13¾, அரை மணி சேர்த்தால் 14¼.

திரும்பும்போது வடக்கே போனால்? டோக்கியோவிலிருந்து வடகிழக்கே பசிபிக் மேல் போகும் முதல் 5,500 கி.மீ.-க்கு ஜெட் காற்று பின்னால் இருக்கிறது. மணிக்கு 100 கி.மீ. உதவி என்றால் 5½ மணி நேரத்தில் அலாஸ்கா. மீதி 6,500 கி.மீ. குளிர்ந்த, அமைதியான வானில் மணிக்கு 890 வேகத்தில் 7.3 மணி. அரை மணி சேர்த்தால் 13 மணி 18 நிமிடம். தூரம் கூடியும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிச்சம்.

ஆகவே பெரும்பாலும் போகும்போது தெற்கு, வரும்போது வடக்கு. எந்த வழி என்பதை அன்றன்றைய காற்று முன்னறிவிப்பை வைத்து, கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்புதான் முடிவு செய்வார்கள். துருவம் தாண்டும் நாளில் பின்ஏர் பயணிகளுக்கு அதற்கென ஒரு சான்றிதழ் கொடுப்பதுண்டு.

துருவத்தின்மேல் இரண்டு எந்திரத்தோடு

டி.சி.-10-க்கு மூன்று எந்திரம். ஏ350-க்கு இரண்டு. இரண்டு எந்திர விமானத்தில் ஓர் எந்திரம் நின்றுபோனால், மிச்சமிருக்கும் ஒன்றை வைத்து இத்தனை நிமிடத்துக்குள் ஒரு விமான நிலையத்தை எட்டிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஈட்டாப்ஸ் என்பார்கள். அந்த நிமிடக் கணக்கை விமான வகைக்கும் தனியாக, அதை ஓட்டும் நிறுவனத்துக்கும் தனியாக அனுமதிப்பார்கள். ஏ350 வகைக்கு 370 நிமிடம் வரை சான்று உண்டு. பின்ஏர் இந்தத் தடத்துக்காகத் தன் அனுமதியை 300 நிமிடமாக உயர்த்திக்கொண்டது.

அத்தனை ஏன் தேவை? ஒற்றை எந்திரத்தில் வேகம் மணிக்குச் சுமார் 750 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். துருவத்தின் இந்தப் பக்கம் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் லாங்இயர்பியென், அந்தப் பக்கம் அலாஸ்காவின் வடமுனையில் உட்கியாக்விக். இரண்டுக்கும் இடையே 3,380 கி.மீ. நட்டநடுவில் நின்றால் எந்தப் பக்கமும் 1,690 கி.மீ., அதாவது 135 நிமிடம். 180 நிமிட அனுமதியே போதும் போலத் தோன்றும். ஆனால் அந்த இரண்டு நிலையங்களும் அன்று பயன்படும் நிலையில் இருக்க வேண்டும். பனிப்புயல், பக்கக்காற்று, வழுக்கும் ஓடுபாதை என்று ஏதாவது ஒன்று போதும், பட்டியலிலிருந்து அடிக்க வேண்டியதுதான். அடித்துவிட்டு நார்வேயின் ட்ரோம்சோவையும் அலாஸ்காவின் ஃபேர்பேங்ஸையும் நம்பினால் இடைவெளி 5,020 கி.மீ. நடுப்புள்ளியிலிருந்து 2,510 கி.மீ., 200 நிமிடம். 180 நிமிட அனுமதி வைத்திருப்பவர் அன்று வடக்கே போக முடியாது. 300 வைத்திருந்தால் போகலாம்.

இறங்கிவிட்டால் மட்டும் முடிந்துவிடாது. முந்நூறு பேரை ஒரு சிற்றூரில், −30 பாகைக் குளிரில் எங்கே தங்கவைப்பது, எத்தனை மணி நேரத்தில் மாற்று விமானம் வரும் என்று முன்கூட்டியே எழுதி வைத்த திட்டம் இருந்தாக வேண்டும். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு 78° வடக்குக்கு மேலே உள்ளதைத் துருவப் பகுதி என்று வகுத்து, இப்படிப்பட்ட மீட்புத் திட்டத்தையும், குறைந்தது இரண்டு கடுங்குளிர் உடைகள் விமானத்தில் இருக்க வேண்டும் என்பதையும் கேட்கிறது. அவை பயணிகளுக்கானவை அல்ல. கதவைத் திறந்து தரையில் இறங்கி வேலைகளைக் கவனிக்க வேண்டிய பணியாளர்களுக்கு.

எரிபொருள் உறைவது

விமானத்தில் ஊற்றும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை −47°. அமெரிக்காவில் பரவலாகக் கிடைக்கும் ஜெட் ஏ வகைக்கு −40°. மார்கழியில் தேங்காயெண்ணெய் போல அது மொத்தமாகக் கட்டியாகிவிடாது. மெழுகுத் துணுக்குகள் பிரிந்து வடிகட்டியை அடைக்கத் தொடங்கும். தொட்டியின் வெப்பநிலை உறைநிலைக்கு மூன்று பாகை மேலே வரும்போதே விமானிகள் செயல்பட்டாக வேண்டும்.

வெளியே −70° என்றால் எரிபொருளும் −70°-க்குப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆகாது. மாக் 0.85-இல் மோதும் காற்று அமுங்கிச் சூடேறுவதால் இறக்கையின் மேற்பரப்பு உணர்வது சுமார் −41°. தொட்டி அதை நோக்கித்தான், அதுவும் மணிக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும். வெளியே −75° ஆனால் அந்த எண் −46°. ஜெட் ஏ-1-க்கே ஆபத்தான எல்லை.

அப்போது செய்யக்கூடியவை மூன்று. வேகத்தைக் கூட்டலாம்: மாக் 0.85-லிருந்து 0.87 போனால் மேற்பரப்பு ஏறக்குறைய ஒன்றரை பாகை சூடாகும், ஆனால் எரிபொருள் செலவு ஏறும். சில ஆயிரம் அடி இறங்கலாம். ஆர்க்டிக்கில் சில நாள் கீழே போனாலும் அதே குளிர்தான் இருக்கும், பலன் இராது. மூன்றாவது, குளிர்க்காற்றுத் திரளைச் சுற்றிக்கொண்டு போவது. கிளம்புமுன்னரே வானிலை வரைபடத்தில் அந்தத் திரளைப் பார்த்து வழியை விலக்கிப் போடுவதுதான் உத்தமம்.

திசையும் பேச்சும்

காந்த முள் இங்கே உதவாது. காந்தத் துருவம் அருகில் இருப்பதால் முள் எங்கெங்கோ காட்டும். கணினி உண்மை வடக்கை வைத்துக்கொள்ளும். சரியாகத் துருவத்தைத் தாண்டும் கணத்தில் திசை 360-லிருந்து 180-க்குப் புரளும், விமானம் திரும்பவே இல்லையென்றாலும். அதனாலேயே வழியைச் சற்று ஓரமாகப் போடுவதும் உண்டு. 180° தீர்க்கரேகையைத் தாண்டினால் தேதி மாறுமே என்று சிலர் குழம்புவார்கள். பயணச்சீட்டுக்கு அது பொருட்டே அல்ல. இரண்டு முனைகளின் உள்ளூர் நேரம் மட்டுமே கணக்கு.

நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோள்கள் 82° வடக்குக்கு மேல் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். துருவங்களைச் சுற்றி ஓடும் இரிடியம் செயற்கைக்கோள்களும், பழைய எச்.எஃப். (உயர் அதிர்வெண்) வானொலியும்தான் அங்கே துணை. சூரியப் புயல் வந்தால் எச்.எஃப். துருவப் பகுதியில் மணிக்கணக்கில் அடங்கிவிடும், கதிர்வீச்சும் கூடும். அன்று வடக்கு வழியைக் கைவிட்டுத் தெற்கே போவார்கள். காற்று எதிர்க்கும், நேரம் கூடும், வேறு வழியில்லை.

மூன்றரை மணி நேரத்தின் விலை

ஏ350-900 மணிக்கு ஏறக்குறைய 6 டன் எரிபொருள் குடிக்கும். மூன்றரை மணி நேரம் கூடினால் 20 டன்னுக்கு மேல். அந்த எடையையும் தொடக்கம் முதல் சுமந்துகொண்டு போவதற்கே தனியாக எரிபொருள் வேண்டும். ஆக எரிபொருள் செலவு சுமார் 40 சதவீதம் கூடுகிறது. பயணிகளுக்கு இடம் குறையாது. அடியில் ஏற்றும் சரக்கில்தான் கை வைப்பார்கள்.

எரிபொருளைவிட அதிகம் வலித்தது விமானத்தின் நாள்கணக்கு. முன்பு போக 9½, டோக்கியோவில் சுத்தம் செய்து நிரப்ப 2, வர 10, ஹெல்சின்கியில் 2. மொத்தம் 23½ மணி. ஒரே விமானம் தினமும் ஒரே நேரத்தில் கிளம்பலாம். அந்த அரை மணி விளிம்பின்மேல்தான் முழு ஆசிய அட்டவணையும் நின்றது. இப்போது 12¾, 2, 13¼, 2 என்று 30 மணி ஆகிறது. தினசரி சேவைக்கு ஒரு விமானம் போதாது. இரண்டாவதையும் கொண்டுவந்து, மிச்ச நேரத்தை வேறொரு தடத்தில் செலவழிக்க வேண்டும். பழைய ஏ330 விமானங்கள் இரண்டை பின்ஏர் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸுக்கு வாடகைக்கு விட்டதன் பின்னணியும் இந்த மூடல்தான்.

விமானிகள் கணக்கும் மாறியது. ஐரோப்பிய விதிப்படி இரண்டு விமானிகள் மட்டும் இருந்தால், பணிக்கு வந்ததிலிருந்து எந்திரம் அணையும்வரை அதிகபட்சம் 13 மணி. மாலையிலும் இரவிலும் பணி தொடங்கினால் 11 மணிவரை குறையும். 13 மணி நேரப் பயணத்துக்குப் பணிநேரம் 14 ஆகிவிடும் என்பதால் கூடுதல் விமானிகளும், அவர்கள் முறைபோட்டுப் படுக்க உள்ளே படுக்கையும் இருந்தாக வேண்டும்.

பயணச்சீட்டு எடுப்பவர் பார்க்க வேண்டியவை

ஜப்பான் ஆண்டு முழுவதும் ஒரே நேரம்தான். பின்லாந்து மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஒரு மணி முன்னால் நகரும். ஆகவே வித்தியாசம் குளிர்காலத்தில் 7 மணி, கோடையில் 6. குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கு ஹெல்சின்கியில் ஏறினால், 9½ மணி நேரப் பயணத்தில் மறுநாள் காலை 9.30-க்கு டோக்கியோவில் இருந்திருப்பீர்கள். 13 மணி நேரம் என்றால் பகல் 1 மணி. அதே நாளில் ஜப்பானுக்குள் இன்னொரு விமானமோ ஷின்கன்சென் ரயிலோ பிடிப்பவருக்கு ஒரு காலைப்பொழுது போச்சு. திரும்பும்போது இரவு 10 மணிக்கு டோக்கியோவில் கிளம்பினால் குளிர்காலத்தில் விடிகாலை 4 மணிக்கும், கோடையில் 5 மணிக்கும் ஹெல்சின்கி. ஐரோப்பாவின் மற்ற நகரங்களுக்குக் காலையில் கிளம்பும் முதல் வரிசை விமானங்களைப் பிடிக்க இது வசதியான நேரம்.

பழைய சீட்டுகளையோ பயணக் குறிப்புகளையோ பார்த்துத் திட்டம் போட வேண்டாம். 2022-க்கு முந்தையவை எல்லாம் 9½ மணிக் கணக்கு. தனித்தனிச் சீட்டாக எடுத்திருந்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் பொறுப்பு உங்களுடையது. ஒரே முன்பதிவில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டியது நிறுவனத்தின் கடமை. இந்தத் தடத்தில் ஒரே வாரத்துக்குள்ளேயே அரை மணி, முக்கால் மணி முன்பின் ஆவது சாதாரணம். குறிப்பிட்ட வாரத்தில் எப்படி இருக்கிறது என்று அறிய, விமானங்களின் நடமாட்டத்தைக் காட்டும் தளங்களில் அந்த விமான எண்ணின் கடைசி ஏழு நாள் பதிவைத் திறந்து பாருங்கள். கோடு துருவத்துக்குப் போகிறதா, காஸ்பியனுக்குப் போகிறதா என்பதும், சக்கரம் எழும்பியதிலிருந்து தரை தொட்டது வரை எத்தனை மணி நேரம் என்பதும் அங்கே இருக்கும். அதோடு அரை மணி சேர்த்துக்கொண்டால் போதும். சன்னலோர இருக்கைக்குப் பணம் கட்டித் துருவத்தைப் பார்க்க நினைப்பவர்கள் டோக்கியோவிலிருந்து திரும்பும் பயணத்துக்குக் கட்டுவது நல்லது, அதுவும் கோடையில். குளிர்காலத்தில் அங்கே மாதக்கணக்கில் இருட்டு.